கியர் விழறது தெரியோணும்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காந்துக்குங்க தம்பி. எனக்கு இந்த ஓரமே போதும். இங்கிருந்தாத்தான் டிரைவரோட கையும் காலும் தெரியும். பழக்கமுங்க. மேட்டுப்பாளையம் டெப்போவுல டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவன் நான். ஆறுக்குட்டின்னு பேரு. முக்காவாசி சர்வீஸ் கோத்தகிரி மலையில, நடுவுல கொஞ்ச வருசம் இந்தக் கோயமுத்தூர் ரூட்டு. கண்ணைக் கட்டிவிட்டாலும் இது காரமடை, இது பெரியநாயக்கன்பாளையம்னு வண்டி குலுங்கறதை வெச்சே சொல்லீருவேன்.

பாருங்க, பாருங்க. ரெண்டுலருந்து மூணுக்குப் போறதுக்குள்ள எப்படித் திணர்றான். பிரேக்கைப் புடிச்சா ஆளைத் தூக்கி முன்சீட்டுல போடுது. என்னத்தப் பழக்கி அனுப்பறாங்களோ.

நீங்க கடைசி வரைக்குமா? நான் கவுண்டம்பாளையத்துல எறங்கோணும். அங்க ஒரு ஒர்க்‌ஷாப்புல என்ற மக உக்காந்திருக்கறா. இந்தப் பையைக் கொண்டுபோய்க் குடுக்கோணும். கிலுகிலுன்னு சத்தம் கேக்குதில்லீங்க, அது ஸ்பிரிங்கு. கூட ஒரு தகடும் இருக்குது. கார் கியர்பாக்ஸுல இருந்து கழட்டுனது.

நீங்க கார் ஓட்டுவீங்களா? கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா? கியரா, நல்லது. அதையே வெச்சுக்குங்க. இந்த ஆட்டோமேட்டிக் எனக்கு ஆகவே ஆகாதுங்க. ஏன்னு கேளுங்க. அது எப்பக் கியர் மாத்துதுன்னு நமக்குச் சொல்றதே இல்ல. சொல்லாம கொள்ளாம அதுபாட்டுக்கு மாத்திக்குது. வண்டின்னா ஒரு மரியாதை வேண்டாமுங்களா? இப்ப மாத்தறேன், உனக்குச் சம்மதமான்னு கேக்க வேண்டாம், மாத்திட்டேன்னாவது சொல்லோணுமில்ல?

என்ற மகளும் அதே மாதரதான். அதை விடுங்க.

கோகிலவாணின்னு பேரு. நாங்க வாணின்னு கூப்பிடுவோம். ஒரே மக. பொறக்கறப்பவே இடது இடுப்புல மூட்டு எறங்கியிருந்துச்சு. நடக்கற வயசுலதான் தெரிஞ்சுது. ரெண்டு ஆபரேசன் பண்ணி நடக்க வெச்சோம். இப்ப நடப்பா, படி ஏறுவா, வேலைக்குப் போவா. இடது கால்ல மட்டும் அழுத்தி மிதிக்க முடியாது. கிளட்ச் மிதிக்கறதுக்கு ஆகாது. கோத்தகிரி பக்கத்துல ஒரு தேயிலை ஃபேக்டரியில டேஸ்டரா இருக்கறா. வரிசையா கிண்ணத்துல டீயை வெச்சிருப்பாங்க. ஒரு உறிஞ்சு உறிஞ்சுவா, துப்புவா, இதுல சூடு கொஞ்சம் கூடிப்போச்சும்பா. அவ்வளவுதான், அந்த மூட்டையைத் தனியா ஒதுக்கீருவாங்க. நாக்கு அப்படி.

வேலையில சேந்த நாள்லருந்து நான்தானுங்க கூட்டிட்டுப் போனேன். சர்வீஸ்ல இருந்தப்ப என்ற பஸ்ஸுலயே, எனக்குப் பின்னாடி சீட்டு. ரிட்டயர் ஆனப்புறம் ஒரு பழைய கார் வாங்கி, காலையில கொண்டுபோய் விட்டுட்டு, சாயங்காலம் வரைக்கும் ஃபேக்டரி கேட்டுலயே இருப்பேன். "அப்பா, வீட்டுக்குப் போயிட்டு வாங்கப்பா, சாயங்காலம் ஃபேக்டரி வேன்ல கூட வந்துருவேன்"ம்பா. கேக்கவே மாட்டேன். வாட்ச்மேன், லோடு ஏத்தறவங்க, எல்லாம் எனக்குப் பழக்கம். ஒருக்கா ஃபேக்டரியில எல்லாரும் ஒட்டுக்கா ஊட்டி போறோம்னு வேன் வெச்சாங்க. நானும் பின்னாடியே காரை எடுத்துட்டுப் போனேன். இடுப்பு வலிச்சா யார் பார்க்கறதுங்க? அவளுக்கு அன்னிக்கு என் மேல கொஞ்சம் கோவம். எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

அப்படி இருக்கறப்ப, சனிக்கிழமை சனிக்கிழமை கோயமுத்தூர்ல டீத்தூள் ஏலம் விடற ஆக்சன் சென்டர்ல வேலைன்னு சொல்லிட்டுக் கிளம்புனா. நான் வர்றேன்னேன். வேண்டாம்ப்பா, பஸ்ல போயிக்கறேன்னா. இதே பஸ்தானுங்க. ரெண்டு மாசம் போனா. அப்புறம் ஒரு ஞாயித்துக்கெழமை காலையில வாசல்ல ஹாரன் சத்தம். போய்ப் பார்த்தா வெள்ளைக் கலர்ல ஒரு கார். ஸ்டியரிங்ல என்ற மக. ஆட்டோமேட்டிக், செகண்ட் ஹேண்ட். டிரைவிங் ஸ்கூல் போயிருக்கறா தம்பி, ஆக்சனும் இல்ல ஒண்ணும் இல்ல. லைசென்ஸ் எடுத்திருக்கறா, கார் பார்த்திருக்கறா, வாங்கியிருக்கறா. வீட்டுல டிரைவர் ஒருத்தன் இருக்கறான், அவனுக்குத் தெரியாது.

என்ற சம்சாரம் பொன்னாத்தா ஆரத்தித் தட்டை எடுத்துட்டு ஓடியாறா. கண்ணெல்லாம் தண்ணி. "அப்பா, ஏறுங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்"னு வாணி சொல்றா. நான் பழக்கத்துல டிரைவர் சீட்டுப் பக்கம் போய் நின்னுட்டேன். "அந்தப் பக்கம்ப்பா"ன்னு சிரிக்கறா. இந்தப் பக்கம் உக்காந்தா என்ற காலு ரெண்டும் தானா மிதிக்குதுங்க, அங்க பெடலே இல்ல.

நல்லாத்தான் ஓட்டுனா. அதைச் சொல்லோணும். நல்லாவே ஓட்டுனா.

காரமடை வந்துருச்சு பாருங்க. சொன்னனில்ல, ஸ்பீடு பிரேக்கர்ல குலுங்குன குலுக்கலை வெச்சே தெரியும்.

அதுக்கப்புறம் நான் வீட்டுல. காலையில எழுந்து அந்தப் பழைய காரைத் தொடைப்பேன், ஸ்டார்ட் பண்ணி வெப்பேன், ஆஃப் பண்ணுவேன். அவ ஒரு டாட்டா காட்டிட்டுப் போயிருவா. சாயங்காலம் சிரிச்ச முகமா வருவா. ஒருநாள் யாரோ சிநேகிதி வீட்டுக்குப் போனேன்பா, ஒருநாள் குன்னூர் போனேன்பா. அந்தப் பழைய காரை வித்தரலாம்ப்பான்னா. நான் விக்கல. எதுக்கும் இருக்கட்டும்னு சொன்னேன்.

ஒரு வருசம் ஓடுச்சு. ஒருநாள் மலையில, மூணாவது கொண்டை ஊசி வளைவுல எஞ்சின் கத்துது, வண்டி ஏற மாட்டீங்குது. கியர்பாக்ஸுக்குள்ள பிளேட்டு தேஞ்சு வழுக்கியிருக்குது. எனக்குப் போன் பண்ணுனாளான்னு கேளுங்க. இல்ல. அவளே ஆள் கூப்பிட்டு, கட்டி இழுத்து, கவுண்டம்பாளையத்துல ஐசக்குன்னு ஒரு மெக்கானிக், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான் அவனுக்கு வேலையே, அங்க கொண்டுபோய் விட்டுட்டு வந்தா. அந்த நேரம் பார்த்து அவளை ஃபேக்டரியில ட்ரெய்னிங்னு அஸ்ஸாமுக்கு அனுப்பறாங்க. போறப்ப சொன்னா: "அப்பா, ஐசக் அண்ணன் கூப்பிட்டா நீங்க போய்ப் பாருங்க. முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே பண்ணித் தரச் சொன்னாப் போதும். வேற எதும் வேண்டாம்."

எனக்கு எவ்வளவு சந்தோசம்னு நினைக்கறீங்க. என்னை ஒரு வேலை செய்யச் சொல்லீட்டா.

போனேன். ஐசக்கு நல்ல பையன், பொறுமையாச் சொல்றான். "ஐயா, இதுல கியர் மாறறப்ப ஒரு செட் பிளேட்டு விடறதுக்கு முன்னாடியே இன்னொரு செட்டு புடிக்க ஆரம்பிச்சுரும். அந்தக் கொஞ்ச நேரம் ரெண்டும் உரசும். அதனாலதான் மாறறது தெரியாம மெத்துனு இருக்குது"ங்கறான். நான் கேட்டேன், அந்த உரசல்லதான தேயுது? ஆமாங்கறான். அப்ப மெத்துனு இருக்கறதுதான வியாதின்னேன். அவன் சிரிக்கறான். "வியாதின்னு இல்லீங்க ஐயா. ரேஸ் விடறவங்க, பின்னாடி வண்டி கட்டி இழுக்கறவங்க, அதைக் கெட்டியாக்கிக்குவாங்க. உள்ள இருக்கற ஸ்பிரிங்கை மாத்தி, ஆயில் போற ஓட்டை பெருசா இருக்கற தகட்டைப் போட்டு, பிரஷரைக் கூட்டீட்டா பட்டுனு புடிச்சுக்கும். பிளேட்டும் கெட்டியானது போட்டுக்கலாம். தேயாது. ஆனா ஒவ்வொரு கியருக்கும் ஒரு இடி இருக்கும்"ங்கறான்.

அதைக் கேட்டதும் எனக்கு மனசுல ஒரு வெளிச்சம். இதான், இதத்தான் பண்ணோணும்னேன். அவன் யோசிக்கறான். "அந்த அக்கா முன்னாடி மாதரயே போதும்னாங்களே. வண்டி யார் ஓட்டறது ஐயா?"ன்னான். நான்தான்னேன். என்ன பெரிய பொய்யிங்க அது, ஓட்டுனா நான் ஓட்ட மாட்டனா? "எவ்வளவு கெட்டியா வேணும்?"ன்னான். எனக்குக் கியர் விழறது முதுகுல தெரியோணும்னேன்.

அவன் வேலை முடிச்சு, கழட்டுன ஸ்பிரிங்கையும் தகட்டையும் ஒரு பையில போட்டு என்ற கையில குடுத்தான். அந்த ஒர்க்‌ஷாப்புல அப்படி ஒரு வழக்கம், கழட்டுனதை வண்டிக்காரர்கிட்டயே குடுத்தர்றது. எங்க டெப்போவுல பழசைக் குடுத்தாத்தான் புதுசு தருவாங்க. அதனால பழசை வீசற பழக்கமே எனக்கில்ல. கொண்டுவந்து கட்டிலுக்கடியில வெச்சுட்டேன்.

மலைமேல ஓட்டிப் பார்த்தேன் தம்பி. ஆஹா. ஒண்ணுலருந்து ரெண்டு, டக். ரெண்டுலருந்து மூணு, டக். இந்தா மாத்தறேன், இந்தா மாத்தீட்டேன்னு சொல்லிச் சொல்லிப் போகுது.

அஸ்ஸாம்லருந்து வந்தவ மொதோ நாள் ஓட்டிட்டுப் போயிட்டு சாயங்காலம் வந்தா. முகம் வெளுத்துக் கெடக்குது. எறங்கி, கதவைப் புடிச்சுட்டே கொஞ்ச நேரம் நின்னா. "அப்பா, இடிக்குதுப்பா"ன்னா. அது இடி இல்ல கண்ணு, அதான் பலம், இனி மலையில நிக்கவே நிக்காதுன்னேன். "நான் முன்னாடி மாதரயே வேணும்னுதான சொன்னேன்"னா. போகப் போகப் பழகீரும்னேன். எனக்குப் பழகலையா?

தலகாணி வெச்சு ஓட்டுனா. துண்டைச் சுருட்டி இடுப்புக்குக் குடுத்து ஓட்டுனா. அந்த மலையில எத்தனை தடவை கியர் மாறும்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. ஒரு பத்து நாள் தாக்குப்புடிச்சிருப்பா. அப்புறம் எந்திரிக்க முடியல. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துட்டு, குலுங்கற மாதர எதுவும் ஆகாதுன்னுட்டாரு. என்ற சம்சாரம் என்கிட்ட, "ஏனுங்க, அவளுக்கு என்ன வேணும்னு அவளைக் கேட்டிருக்கலாமில்ல?"ன்னா. பொம்பளைகளுக்கு மெசினைப் பத்தி என்னங்க தெரியும்.

பெரியநாயக்கன்பாளையம். ஏறுங்கம்மா, ஏறுங்க, அந்தக் கம்பியைப் புடிச்சுக்குங்க, இவன் எடுக்கறப்ப தூக்கி அடிப்பான்.

அப்பத்தான் நான் பழைய காரை வெளிய எடுத்தேன். சொன்னனில்ல, எதுக்கும் இருக்கட்டும்னு. மழைக்காலம் பூராவும் நான்தான் கொண்டுபோய் விட்டுக் கூட்டிட்டு வந்தேன். தப்பா நினைக்காதீங்க தம்பி, அந்த மழைக்காலம் மாதர எனக்கு ஒரு காலம் இல்ல. மலையெல்லாம் பனி மூடிக் கெடக்கும். வைப்பர் ஓடும். பின்சீட்டுல அவ ஒருக்களிச்சு உக்காந்திருப்பா. கேட்டுல அதே வாட்ச்மேன், "என்னங்க டிரைவரே, திரும்ப டூட்டியா?"ன்னு கேப்பான். எனக்குச் சிரிப்பு தாங்காது. ஒருநாள் அவ ஜன்னலைப் பார்த்துட்டே சொன்னா, "உங்க கையில கியர் மாறறதே தெரியலப்பா"ன்னு. அதுதானுங்க என்ற பேரே. சர்வீஸ்ல இருந்தப்ப என்ற பஸ்ஸுல புள்ளத்தாச்சிக தேடி ஏறுவாங்க. டம்ளர்ல டீயை வெச்சாச் சொட்டுச் சிந்தாது. கியர் விழறது ஒரு ஆளுக்குத் தெரிஞ்சாலும் அன்னிக்குப் பூராவும் எனக்குச் சாப்பாடு எறங்காது.

இப்ப என்னமோ கேக்க வந்தீங்க. இல்லையா? சரி.

அவ மட்டும் பேச்சைக் குறைச்சுட்டா. முன்ன மாதர சிநேகிதி வீடு, குன்னூர், ஒண்ணும் இல்ல. வேலை, வீடு, கட்டில். வெள்ளைக் காரை வாசல்ல பார்த்துட்டு உள்ள போயிருவா. வலிதான், வேற என்ன. ஒருநாள் கேட்டா: "அப்பா, அந்தப் பழைய ஸ்பிரிங்கெல்லாம் எங்க? அது இருந்தாத் திருப்பிப் போட்டுக்கலாம். இந்த மாடலுக்கு இப்பப் புதுசு கெடைக்கறதில்லையாம்." போச்சு கண்ணு, அங்கயே வீசீட்டாங்கன்னேன். ஏன் சொன்னேன்னு கேக்காதீங்க. அவ நல்லதுக்குத்தான். பழசைப் போட்டுட்டு மறுபடி மலையில நின்னுட்டா? அந்தப் பனியில, ஒத்தையில? கட்டில்ல உக்காந்துட்டுத்தான் சொன்னேன். பை எனக்குக் கீழதான் இருந்துச்சு.

நேத்து அவளே ஒரு ஆளை வெச்சு வெள்ளைக் காரை ஐசக்குகிட்ட அனுப்பிட்டு, இன்னிக்குக் காலையில மொதோ பஸ்ஸப் புடிச்சுப் போயிட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. பழைய வண்டி எதையாவது ஒடைச்ச எடத்துல இருந்து ஸ்பிரிங் தேடிப் போட முடியுமான்னு கேக்கறதுக்குப் போயிருக்கறா. அவன் கேட்டிருக்கறான்: "எதுக்கு அக்கா தேடோணும்? அன்னிக்கே பையில போட்டு ஐயா கையில குடுத்தனே?"

போன் வந்துச்சு. கத்துவான்னு நினைச்சேன். கத்தலீங்க. "அப்பா, பை வீட்டுலதான் இருக்குதா?"ன்னா. நான் குனிஞ்சு கட்டிலுக்கடியில பார்த்தேன். "கெட்டிப் பிளேட்டு அப்படியே இருக்கட்டும், ஸ்பிரிங்கும் தகடும் மட்டும் பழசு போட்டாப் போதும்னு சொல்றாரு. மெத்துனும் இருக்குமாம், மலையும் ஏறுமாம். ஐசக் அண்ணன் மத்தியானம் தங்கச்சி கல்யாணத்துக்கு நாகர்கோயில் கிளம்பறாரு. வர்றதுக்குப் பத்து நாளாகும். அவரு கிளம்பறதுக்குள்ள கொண்டுவந்து குடுங்கப்பா, மாட்டீட்டே போறேங்கறாரு"ன்னா. சரி கண்ணுன்னேன். அப்புறம் சொல்றா: "இன்னிக்கு ஆகலைன்னா நான் மலைமேலயே ரூம் எடுத்துத் தங்கிக்கறேன்ப்பா. ஃபேக்டரிக்குப் பக்கத்துலயே ஒண்ணு பார்த்து வெச்சிருக்கறேன். நடந்தே போயிக்குவேன்."

பார்த்து வெச்சிருக்கறாளாம். அதையும் சொல்லாம கொள்ளாம.

அதுலருந்து சோறு எறங்கல. பை எங்கயோ தொலைஞ்சு போச்சுன்னு சொல்லீரலாம்னு பார்த்தேன். அதுக்குள்ள பொன்னாத்தா கட்டிலுக்கடியில கையை விட்டு எடுத்துட்டு வந்து என்ற மடியில வெச்சுட்டா. செருப்பை எடுத்து முன்னாடி போட்டா.

ரெண்டும் இருக்குமாம், மெத்துனும் பலமும். எங்கீங்க இருக்கும்? அவன் என்ன சொன்னாலும் நம்பீர்றா. மேல ரூம் எடுத்துத் தங்கறதெல்லாம் சும்மா மிரட்டல். அவ அப்படியெல்லாம் போக மாட்டா. அம்மாவை விட்டுட்டுப் போவாளா? என்னை விட்டுட்டு?

இருங்க, அவதான். "ஆமா கண்ணு. துடியலூர் வந்தாச்சு. பை கையிலதான் இருக்குது. ... நமக்காகக் கிளம்பாம நிக்கறாரா? இந்தா, வந்துட்டே இருக்கறேன்னு சொல்லு. ... சரி. சரி கண்ணு."

குரலைக் கேட்டீங்களா? எவ்வளவு சந்தோசம் பாருங்க. சின்னப் புள்ளையில ஆபரேசன் முடிஞ்சு மாவுக்கட்டு பிரிச்சப்ப இப்படித்தான் பேசுனா. இடுப்புலருந்து பாதம் வரைக்கும் கட்டு. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு இதே ரோட்டுலதான், லீவு போட்டுட்டு, மடியில படுக்க வெச்சுக் கூட்டிட்டு வருவேன். எந்தப் பஸ்ஸுன்னாலும் டிரைவர்கிட்டப் போய்ச் சொல்லுவேன், அண்ணே, கொழந்தை இருக்குது, கொஞ்சம் மெதுவா விடுங்கன்னு. நம்ம ஆளுக கேப்பாங்க. தோட்டா மாதர ஓட்டறவன்கூட அன்னிக்குத் தொட்டில் மாதர ஓட்டுவான். அவ என்ற சட்டைப் பட்டனைப் புடிச்சுட்டே தூங்கீருவா. எறங்கற எடம் வந்தாக்கூட எனக்கு எழுப்ப மனசு வராது.

கொஞ்சம் காலை ஒதுக்கிக்குங்க தம்பி, அந்தம்மா எறங்கட்டும். கூடையைப் பார்த்தும்மா. இந்தக் கண்டக்டரு என்னத்துக்கு இப்படிக் கத்தறான், காது போயிரும்.

ஆமா, என்ன சொல்லிட்டிருந்தேன்? பட்டன். அந்தச் சட்டையை நான் இன்னும் வெச்சிருக்கறனுங்க. காக்கிச் சட்டை. மேல இருந்து ரெண்டாவது பட்டன் மட்டும் வேற கலரு. அவ இழுத்து இழுத்துப் பிச்சுட்டா, பொன்னாத்தா கைக்குக் கெடைச்சதை வெச்சுத் தெச்சுட்டா. டெப்போவுல எல்லாம் கேலி பண்ணுவானுக. நான் மாத்தவே இல்ல.

என்னங்க?

கவுண்டம்பாளையம் போயிருச்சா? எப்ப?

அட. நிறுத்துனதே தெரியலீங்களே. இந்தக் காலத்து டிரைவருக எல்லாம் இப்படித்தான். மெத்துனு நிறுத்தறான், மெத்துனு எடுத்தர்றான். ஒரு குலுக்கல் இருந்தாத்தான மனுசனுக்குத் தெரியும்?

வேண்டாமுங்க, விசில் அடிக்கச் சொல்லாதீங்க. பாவம், ஓட்டத்துல இருக்கற வண்டியை நிறுத்தறது தப்பு. நான் டிரைவரா இருந்தவன், எனக்குத் தெரியாதா. நீங்க உக்காருங்க. கடைசியில எறங்கித் திரும்பி வந்துக்கலாம். ஐசக்கு கிளம்பியிருந்தா அது அவன் அவசரம், நான் என்ன பண்ணட்டும்? பத்து நாள்தான. நாளைக்குக் காலையில நானே கொண்டுபோய் விட்டர்றேன் அவளை. பழைய கார் ரெடியாத்தான் இருக்குது.

போன் அடிக்குதுங்களா? அடிக்கட்டும். இந்தச் சத்தத்துல எங்க கேக்கப் போகுது.

இந்தப் பை வேற கிலுகிலுன்னு. இருங்க, இப்படி ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிச்சுக்கறேன். இப்பச் சத்தம் வருதுங்களா?